ஆளில்லாத சந்தி



இலக்கியத் தொடர் ஒன்றிலே சாரதி அனுமதிப்பத்திரம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இதென்ன, வாத்தியார் பாதை மாறி வந்துவிட்டாரோ?" என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். புலம்பெயர் வாழ்வைப் பற்றிப் பேசும்போது நாம் பனி, தனிமை, ஊர் நினைவு என்னும் மூன்று சொற்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அந்நிய நாடு ஒரு மனிதரின் கைக்குள்ளும் காலுக்குள்ளும் எப்படிப் புகுகிறது என்பதை நான் கண்டது ஒரு காரின் பின்னாசனத்தில் இருந்தபடிதான். அதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். தமிழாசிரியனுக்கு அந்தப் பழக்கம் விடாது. இலங்கையில் நாம் 'சாரதி அனுமதிப்பத்திரம்' என்கிறோம். தமிழ்நாட்டிலே 'ஓட்டுநர் உரிமம்' என்கிறார்கள். வீட்டிலே பேசும்போது இரண்டும் இல்லை, 'லைசன்ஸ்' தான். அனுமதி என்பது மற்றவர் தருவது. உரிமம் என்பது உரிமை என்ற சொல்லை ஒட்டி வந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் சாரதிகளுக்காக வெளியிடும் கைநூல், வாகனம் ஓட்டுவது ஒருவருடைய உரிமை அன்று, அவருக்கு அளிக்கப்படும் சலுகையே என்ற கருத்தை வற்புறுத்துகிறது. அந்த வகையில் நம் நாட்டுச் சொல்லே பொருத்தமானது. ஆனால், 35 ஆண்டுகள் வாகனம் ஓட்டிய ஒருவர் தமது 58 ஆவது வயதில் வேறொரு நாட்டிலே அந்த அனுமதியைப் புதிதாகக் கேட்டு நிற்பதென்றால் அது சிறிய காரியமன்று.

அந்த ஒருவர் என் தாய்மாமன். 1978 இல் லைசன்ஸ் எடுத்தவர். சுன்னாகச் சந்தியிலே ஒஸ்ரின் ஏ 40 கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டியவர். கலியாண வீடு, பிள்ளைப்பேறு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் எங்கள் பகுதியில் அந்தக் கார்தான். 1990 இன் பின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்திலே, சிறு போத்தலில் பக்குவமாக வைத்திருக்கும் பெற்றோலில் சில துளி விட்டு இயந்திரத்தை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவைக்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அந்தக் கார் கைவிட்டுப் போயிற்று. பிற்காலத்தில் ஒரு ஹயஸ் வான். 2002 இல் ஏ 9 பாதை திறந்தபின் முகமாலையும் ஓமந்தையும் தாண்டிக் கொழும்புவரை ஓடினார். இத்தனை காலத்திலும் ஒரு கோழிக்குஞ்சைத்தானும் அவர் அடித்ததில்லை என்பது மாமியின் பெருமை.

2013 இல் மகள் அவரையும் மாமியையும் கனடாவுக்கு அழைத்துக்கொண்டார். ரொறொன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியிலே வீடு. 2015 செப்ரெம்பரில் நான் சம்பளமற்ற விடுமுறை பெற்று அங்கே போய் ஐந்து மாதம் தங்கினேன். போன அன்றே மாமா ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"வாத்தியார், இதை எனக்குப் படிப்பிச்சு விடு."

காரணம் இருந்தது. மச்சாளுக்கு அப்போது பாண் செய்யும் ஆலை ஒன்றில் வேலை. முடிய இரவு ஒரு மணியாகும். அவருடைய கணவர் அதிகாலை நாலு மணிக்கே வேலைக்குப் புறப்பட வேண்டியவர். ஆகவே மச்சாள் பஸ்ஸில்தான் வந்தார். நள்ளிரவுக்குப் பின் பஸ் குறைவு. பனிக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா சொன்னார்: "கார் வாசலிலை நிக்குது. றைவர் வீட்டுக்குள்ளை நிக்கிறன். பிள்ளை பஸ் தரிப்பிலை நிக்குது. இது நியாயமே?"

ஒன்ராறியோவில் 1994 இலிருந்து படிமுறை லைசன்ஸ் நடைமுறையில் இருக்கிறது. ஜி1, ஜி2, ஜி என மூன்று படிகள். எழுத்துப் பரீட்சையும் கண் பரிசோதனையும் தேறினால் ஜி1. அதை வைத்திருப்பவர் தனியே ஓட்டக்கூடாது. குறைந்தது நான்கு ஆண்டு அனுபவமுள்ள முழு லைசன்ஸ்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும். நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை ஓட்டவும் கூடாது. மாமாவுக்கு வேண்டியதோ இரவு ஒரு மணிக்குத் தனியே போய்வரும் அனுமதி. அதற்கு வீதிப் பரீட்சை தேறி ஜி2 பெறவேண்டும். சாதாரணமாக ஓராண்டு காத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் ஓட்டியவர் அந்த அனுபவத்தைக் காட்டிக் காத்திருப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓராண்டுக்கு மேற்பட்ட அனுபவத்துக்கு, லைசன்ஸ் வழங்கிய நாட்டிலிருந்து அத்தாட்சிக் கடிதம் வேண்டும். மாமாவிடம் அது இல்லை. அது வரும்வரை பொறுக்கவும் மனம் இல்லை. எனவே 35 ஆண்டுகள் அங்கே ஓராண்டு என்று பதியப்பட்டன. காத்திருப்பு நீங்கியதென்று மச்சாள் மகிழ்ந்தார். மாமா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மிச்சம் முப்பத்தினாலையும் நான் சும்மா சுத்தியிருக்கிறன்," என்றார்.

எழுத்துப் பரீட்சையில் நாற்பது வினாக்கள். விதிகள் பற்றி இருபது, வீதிக் குறிகள் பற்றி இருபது. ஒவ்வொரு பகுதியிலும் பதினாறு சரியாக வேண்டும். நேயர்களே, அந்தப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். இதைக் கேட்டு நான் அடைந்த பெருமிதம் இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. பயிற்சிக்காக எங்கோ பெற்ற தமிழ்த் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு மாமா கேட்டார்:

"பாதசாரி எண்டால் ஆர்?"

"நடந்து போறவை, மாமா."

"அப்ப அப்பிடி எழுதினால் என்ன?"

வகுப்பிலே எத்தனையோ மாணவருக்கு 'பாதசாரி' என்று எழுதச் சொல்லிக் கொடுத்தவன் நான். எனக்குப் பதில் வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவருக்கு, தம் வாழ்நாள் முழுவதும் செய்த தொழிலைப் பற்றிய தமிழே அந்நிய மொழியாக இருந்தது. குறிகளில் பத்தொன்பது எடுத்தவர் விதிகளில் பதினாலோடு நின்றார். அடுத்த முறை தேறினார்.

அந்தத் தாள்களில் இருந்த இன்னொரு சொல் 'வழியுரிமை'. யாருக்கு முதலில் போகும் உரிமை என்பது அதன் பொருள். ஆனால் விதிகளை ஊன்றிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. உனக்கு உரிமை உண்டு என்று அவை பெரும்பாலும் சொல்வதில்லை. நீ விட்டுக்கொடுக்க வேண்டும் என்றே சொல்கின்றன. நான்கு பக்கமும் 'நில்' பலகை உள்ள சந்தியில் முதலில் வந்து முற்றாக நின்றவர் முதலில் போவார். இருவர் ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கத்தில் இருப்பவருக்கு மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லாரும் விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருந்தாலே எல்லாரும் போகலாம் என்பதுதான் அங்குள்ள கணக்கு.

புத்தகம் முடிந்தது; உடம்பு தொடங்கியது. நம் நாட்டிலே இடப்பக்கமாக ஓட்டுகிறோம். சாரதி வலப்பக்கம் இருக்கிறார். அங்கே இரண்டும் மாறி. கியர் மாற்ற மாமாவின் இடக்கை போகும், கதவிலே இடிபடும். அந்தக் காருக்குக் கையால் மாற்றும் கியர் இல்லை என்பதைக் கை ஒப்புக்கொள்ளாது. திரும்புவதற்குச் சமிக்ஞை விளக்குப் போட வலக்கையால் தட்டுவார். மழையில்லாத வெயிலில் முன்கண்ணாடியைத் துடைக்கும் தடி ஆடத் தொடங்கும். ஒருநாள் வாட்டர்லூ பகுதிக்குப் போனபோது அங்கே வட்டச் சந்திகளைக் கண்டார். நம் நாட்டு வட்டச் சந்தியில் வாகனங்கள் கோயிலை வலம் வருவதுபோலவே சுற்றும். அங்கே நேர்மாறு. "இடமாச் சுத்திறது எனக்கு மனசுக்கு ஒரு மாதிரிக் கிடக்கு," என்றார், நாள் தவறாமல் கோயிலுக்குப் போய்வந்த அந்த மனிதர்.

ஒரு நாடு முழுவதுமே இவ்வாறு பழக்கத்தை மாற்றிக்கொண்டதுண்டு. சுவீடன் 1967 செப்ரெம்பர் 3 ஆந் திகதி அதிகாலை ஐந்து மணிக்கு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. மாறுவதற்குச் சில நிமிடம் முன்பு வீதியில் நின்ற வாகனங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. பிறகு மெதுவாக மறுபக்கம் நகர்ந்து, மீண்டும் நின்று, ஐந்து மணிக்கே புறப்பட்டன. பக்கம் மாறுவதற்கு முதலில் எல்லாரும் நிற்க வேண்டியிருந்தது. மாமாவுக்கும் சிக்கல் பக்கம் மாறுவதில் அன்று, நிற்பதிலேதான் என்பது பின்னர் தெரிய வந்தது.

ஒக்ரோபர் மாதத்தில் நடந்த முதலாவது வீதிப் பரீட்சையில், கடைத்தொகுதி ஒன்றிலிருந்து வெளியேறும்போது மாமா பழைய ஞாபகத்தில் இடப்பக்கமாக ஏறிவிட்டார். பரீட்சகர் அந்த இடத்திலேயே பரீட்சையை முடித்துவிட்டார். நவம்பரில் இரண்டாவது பரீட்சை. பக்கம் பிழைக்கவில்லை. ஆனால் இரண்டு 'நில்' பலகைகளில் கார் முற்றாக நிற்காமல் ஊர்ந்து போயிற்று என்று எழுதிக் கொடுத்தார்கள். மாமா என்னிடம் அந்தத் தாளை நீட்டி, "அந்த ரண்டு சந்தியிலையும் ஒரு குருவிகூட இல்லை," என்றார்.

அதன்பிறகு நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். நவம்பர் கடைசி. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மாமா ஓட்டுகிறார், பக்கத்தில் மச்சாளின் கணவர், பின்னாசனத்தில் நான். வீடுகள் நிறைந்த ஒரு சிறு வீதியின் முடிவிலே அந்த எண்கோணச் சிவப்புப் பலகை. இம்முறை மாமா முற்றாக நிறுத்தினார். நிறுத்தியவர் கையை நீட்டி முன்விளக்கை அணைத்தார். காருக்குள் இருக்கும் விளக்கைப் போட்டார். இரண்டு கையையும் வெளியே தெரியும்படி ஸ்ரியறிங்கின் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

சிறு வயதிலேயே அந்நாட்டுக்குப் போய்விட்ட மச்சாளின் கணவர் சிரித்தபடி, "மாமா, ஏன் லைற் போடுறியள்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் நாட்டிலே போர்க்காலத்தில் இரவில் வாகனம் ஓட்டிய எவருக்கும் அது விளங்கும். காவலரணை நெருங்கும்போது முன்விளக்கை அணைக்க வேண்டும்; உள்விளக்கைப் போட வேண்டும்; உள்ளே இருப்பவர்களின் முகம் தெரிய வேண்டும். 2009 இலே போர் முடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்பு, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஆளே இல்லாத ஒரு சந்தியிலே என் மாமாவின் கை அந்த விளக்கைத் தேடியது.

அன்றிரவு குசினி மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவராகவே பேசினார்.

"அங்கை நான் நிக்காத இடமில்லை, தம்பி. ஆனா நிண்டதெல்லாம் ஆளைப் பாத்து. பலகையைப் பாத்து நான் ஒருநாளும் நிண்டதில்லை. ஆளில்லாட்டி கால் பிறேக்குக்குப் போகுதில்லை. இண்டைக்கு நிக்கத்தான் வேணும் எண்டு நினைச்சன். நினைச்ச உடனை மற்றதெல்லாம் தன்ரை பாட்டிலை வந்திட்டுது."

நேயர்களே, அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மாமாவை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. என் வகுப்பறையை எண்ணினேன். நான் உள்ளே நிற்கும்வரை ஊசி விழுந்தாலும் கேட்கும். அதிபர் கூப்பிடுகிறார் என்று வாசலைத் தாண்டியதும் எழும் இரைச்சல், விறாந்தை முழுவதும் என்னைப் பின்தொடரும். அதை நான் பிள்ளைகளின் குற்றம் என்றே எண்ணியிருந்தேன். அவர்கள் ஆளைப் பார்த்து அமைதி காத்தவர்கள். பலகையைப் பார்த்து நிற்க நான் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. என் கையில் இருந்த பிரம்பும் ஒரு காவலரண்தான்.

இங்கேதான் இலக்கியம் வருகிறது. சங்கப் பாடல்களில் தேர் செலுத்துபவனுக்குப் பாகன் என்றும் வலவன் என்றும் பெயர். வலவன் என்றால் வல்லவன் என்றும் பொருள். அகநானூற்றின் நாலாவது பாடல் குறுங்குடி மருதனார் பாடியது. கார்காலம் வந்துவிட்டது, தலைவன் திரும்பி வருகிறான், தலைவிக்குத் தோழி ஆறுதல் சொல்கிறாள். அவன் வரும் தேரிலே மணிகள் உண்டு. ஆனால் அவற்றின் நாவை இழுத்துக் கட்டியிருக்கிறான். ஏன் தெரியுமா? வழியோரப் பூக்களிலே துணையோடு தேனருந்தும் வண்டுகள் ஓசை கேட்டு வெருளக்கூடாது என்பதற்காக. காதலியைக் காண விரைகிறவன் அவன். வண்டுக்காக மணியின் நாவைக் கட்டு என்று அவனுக்குக் கட்டளையிட்டவர் யார்? காட்டு வழியிலே காவலாளி இல்லை. தண்டப்பணம் இல்லை. இந்தப் பாடலை நான் எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். முல்லைத்திணை, முதல், கரு, உரி என்று பிரித்துக் குறிப்பும் கொடுத்திருக்கிறேன். இது வீதி ஒழுக்கம் பற்றிய பாடலும் ஆகும் என்பது அன்றுதான் எனக்குப் பட்டது.

மறுநாள் மாமாவுக்குக் கதையாகச் சொன்னேன். நம் ஊரிலே ஹோர்ன் என்பது வணக்கம், எச்சரிக்கை, அவசரம் எல்லாவற்றுக்கும் உரிய மொழி. அங்கே அதை அடித்தால் ஏசுவதற்குச் சமம். அந்தப் பழக்கத்தையும் அவர் விட வேண்டியிருந்தது. கதையைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப அவன்ரை தேரிலும் ஹோர்னைக் கழட்டித்தான் வைச்சிருக்கிறான்," என்றார். எந்த உரையாசிரியரும் எழுதாத உரை அது.

டிசெம்பரில் அவரும் நானும் நடந்து போகும்போது மஞ்சள் நிறப் பாடசாலை பஸ் ஒன்று சிவப்பு விளக்குகளை மின்னவிட்டு நின்றது. நடுவிலே பிரிப்பில்லாத வீதி. பின்னால் வந்த வாகனங்களும் நின்றன, எதிரே வந்த வாகனங்களும் நின்றன. பெரிய பாரவூர்தி ஒன்றும் நின்றது. புத்தகப் பையோடு ஒரேயொரு சிறுமி இறங்கினாள். ஒரு கையுறை கீழே விழ, குனிந்து எடுத்தாள். அதுவரை அத்தனை வாகனமும் காத்து நின்றன. மாமா அந்தப் பிள்ளை வீட்டு வாசலை அடையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். "இதுக்கு நிக்கலாம்," என்றார்.

பயிற்றுவித்த இளைஞர், பலகையில் நின்றதும் மனதுக்குள் மூன்றுவரை எண்ணும்படி சொல்லியிருந்தார். மாமா எண்ணவில்லை. ஒவ்வொரு சந்தியிலும் நின்று, "நமசிவாய" என்று ஒருமுறை சொல்லி, இருபக்கமும் பார்த்துப் பிறகு எடுத்தார். ஐந்தெழுத்தை நிதானமாகச் சொல்ல எடுக்கும் நேரம், கார் முற்றாக நிற்பதற்குச் சரியாக இருந்தது. 2016 ஜனவரியில் மூன்றாம் முறை தேறினார். பரீட்சகர் கைகொடுத்தாராம். ஆனால் வீட்டுக்கு வந்து மாமியிடம் அவர் சொன்னது, "நான் இன்னும் றைவர்தான்," என்ற ஒரு வசனமே.

அன்றிரவு நானும் கூடப் போனேன். பனி பெய்து ஓய்ந்திருந்தது. ஆலை வாசலிலே மச்சாள் ஏறினார். ஏறிச் சற்று நேரத்துக்குள் பின்னாசனத்தில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டார். அப்பா ஓட்டும் காரிலே சிறுவயதில் தூங்கியவர்தானே. வீட்டை நெருங்கும் சிறு வீதியில் அதே சிவப்புப் பலகை. நாலு பக்கமும் வெண்பனி. மனித வாடையே இல்லை. மாமா நிறுத்தினார். முன்விளக்கு எரிந்தபடி இருந்தது. அவருடைய வலக்கை ஒருமுறை மேலே எழுந்து, உள்விளக்கின் பக்கம் பாதி தூரம் போய், திரும்பி வந்து ஸ்ரியறிங்கில் அமர்ந்தது. உதடு அசைந்தது. பிறகு கார் புறப்பட்டது.

நான் ஊர் திரும்பி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. பிரம்பை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். வகுப்பில் இரைச்சல் குறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். சில நாட்களில் கூடியும் இருக்கிறது. ஆனாலும் நான் வெளியே போய்த் திரும்பி வரும்போது, இரைச்சலுக்கு நடுவே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தன்பாட்டில் வாசிக்கும் ஒருவனோ ஒருத்தியோ அகப்படுவதுண்டு. அந்தப் பிள்ளையைக் காணும்போதெல்லாம், பனியிலே ஆளில்லாத சந்தியில் நின்ற அந்தக் காரை நினைத்துக்கொள்வேன்.

இன்றிரவு உங்களில் எவரேனும் வாகனத்தில் வீடு திரும்பும்போது, வெறுமையான ஒரு சந்தியில் ஒரு கணம் நின்று போங்கள். பின்னால் வருபவர் ஹோர்ன் அடிக்கலாம். அடிக்கட்டும்.